பக்தி வீட்டில் பிறந்த பகுத்தறிவு

மதம் வளர்ந்தால் மதி குன்றும் என்பது ஒரு கட்சி. மதி வளர்ந்தால் மதம் குன்றும் என்பது மற்றொரு கட்சி. முன்னவர் மதியின் பக்ஷத்தினர். பின்னவர் மதத்தின் பக்ஷத்தினர். இவ்விரு கட்சியாரும் எத்தனையோ விஷயங்களில் முரண்பட்டாலும் ஒன்றில் மட்டும் ஒற்றுமைப்பட்டவர்கள். மதமும் மதியும் ஓர் உறையில் இருக்கமாட்டாத இரண்டு வாள்கள் என்பதே அது.

இதற்கு உதாரணம் தேடுகிறவர்கள் அமெரிக்காவின் பூர்வ சரித்திரத்தை எடுத்துக் காட்டுவது வழக்கம். 17-ம் நூற்றாண்டில் பியூரிட்டன்கள் என்னும் கடும் பக்தர்கள் அங்கே குடியேறினார்கள். சூனியக்காரர் என்று சொல்லிக் குற்றமற்றவர்களைத் தூக்கிலிட்டார்கள். 18-ம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்கிளின் தோன்றி இடி மின்னலைக் கம்பி வழியே பூமிக்கு இறக்கினார். இருள் நீங்கிற்று, ஒளி வந்தது. பள்ளிப் புத்தகங்களில் இந்தக் கதை இரண்டே பக்கத்தில் முடிந்துவிடும். மாணவர்கள் நெட்டுருப் போடுவதற்கும் சௌகரியமாயிருக்கும்.

ஆனால் சரித்திரம் நெட்டுருவுக்கு அவ்வளவு சுலபமாக இணங்குவதில்லை. 1721-ம் வருஷத்தில் பாஸ்டன் நகரத்தில் வைசூரி பரவியபோது, பக்தி எந்தப் பக்கம் நின்றது, பகுத்தறிவு எந்தப் பக்கம் நின்றது என்று விசாரித்தால் நாம் திடுக்கிட்டுப் போவோம். அந்த வருஷத்தில் அவ்வூரில் பதினைந்து வயதை எட்டிய இரண்டு சிறுவர்கள் இருந்தார்கள். இருவரும் 1706-ல் பிறந்தவர்கள். ஒருவன் பாதிரியாரின் மகன் ஸாமுவேல் மேதர். மற்றவன் மெழுகுவர்த்தி செய்து விற்பவரின் மகன் பெஞ்சமின் பிராங்கிளின். அவ்விருவரும் வளர்ந்த கதையில்தான், கடும் பக்தியிலிருந்து அறிவு விசாரணைக்கு ஒரு சமூகம் நடந்து சென்ற பாதை தெளிவாகத் தெரிகிறது.

மலைமேல் ஒரு நகரம்

முதலில் அந்தப் பக்தர்கள் யார் என்று பார்ப்போம். இங்கிலாந்துத் திருச்சபையில் ஆடம்பரமும் ஊழலும் மலிந்துவிட்டன என்று கருதி, அதைத் தூய்மைப்படுத்த வேண்டும் என்று கிளர்ந்தவர்களே பியூரிட்டன்கள். அரசனின் கோபத்துக்கு ஆளான அவர்களில் சுமார் ஆயிரம் பேர், ஜான் வின்த்ராப் என்பவரின் தலைமையில், 1630-ல் கப்பலேறி அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து மாஸசூஸெட்ஸ் கரையில் இறங்கினார்கள். தாங்கள் அமைக்கப்போகும் ஊர் மலைமேல் கட்டிய நகரம்போல உலகத்தார் கண் முன்னே நிற்கும் என்றும், அங்கே தவறு நேர்ந்தால் உலகமே நகைக்கும் என்றும் வின்த்ராப் அவர்களுக்கு உபதேசித்தார்.

கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்ட ஜனங்கள் என்று அவர்கள் தங்களைக் கருதினார்கள். மோக்ஷம் அடைகிறவர் யார், நரகம் புகுகிறவர் யார் என்பதைக் கடவுள் ஆதியிலேயே தீர்மானித்துவிட்டார் என்பது அவர்கள் கொள்கை. மழை பெய்யாவிட்டால் அது ஓர் அடையாளம். வானத்தில் வால் நட்சத்திரம் தோன்றினால் அது ஓர் எச்சரிக்கை. தொட்டிலில் குழந்தை இறந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. இவ்விதம் அவர்களுக்கு உலகமே இறைவன் எழுதிய கடிதமாக இருந்தது.

மாற்றுக் கருத்துக்கு அங்கே இடமில்லை. மனச்சாக்ஷியில் அரசாங்கம் தலையிடலாகாது என்று வாதித்த ரோஜர் வில்லியம்ஸை 1635-ல் நாடு கடத்தத் தீர்ப்பளித்தார்கள். குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த மேரி டையர் என்ற மாதரசியை 1660-ல் தூக்கிலிட்டார்கள். தங்களுக்கு வேண்டுமென்று சமுத்திரம் தாண்டித் தேடிய சுதந்திரத்தை அடுத்த வீட்டுக்காரனுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

எனினும் அந்த இறுகிய வீட்டில் ஒரு ஜன்னலை அவர்களே திறந்து வைத்தார்கள். வேதத்தை ஒவ்வொருவரும் தாமே படித்து அறிய வேண்டும் என்பது அவர்களது மதக் கட்டளை. ஆகவே, கரையிறங்கி ஆறே வருஷத்தில், 1636-ல், ஹார்வர்டு கல்லூரியை ஸ்தாபித்தார்கள். ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர் ஒவ்வொன்றும் எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் உபாத்தியாயரை அமர்த்தவேண்டும் என்று 1647-ல் சட்டம் செய்தார்கள். சாத்தான் மனிதரை அறியாமையில் வைத்திருக்க விரும்புகிறான். ஆகையால் அவனை வெல்லப் பள்ளிக்கூடம் வேண்டும் என்பதே அச்சட்டத்துக்கு அவர்கள் சொன்ன காரணம். அவர்களுடைய பிரசங்கமும் வெறும் உருக்கமன்று. முதலில் வேதவாக்கியம், பிறகு அதன் கொள்கை, பிறகு அதற்குக் காரணங்கள், கடைசியில் வாழ்க்கையில் அதன் பயன் என்று வரிசைப்படுத்திப் பேசுவார்கள். காரணம் கேட்கும் பழக்கம் கோயிலிலேயே உண்டாயிற்று. அப்பழக்கம் ஒரு நாள் கோயிலையே கேள்வி கேட்கும் என்பதை அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

வால் நட்சத்திரமும் சூனியமும்

1680-ல் மகத்தான வால் நட்சத்திரம் ஒன்று வானில் தோன்றிற்று. பாஸ்டனின் பிரதம பாதிரியார்களில் ஒருவரான இன்கிரீஸ் மேதர், அது ஆண்டவனின் எச்சரிக்கை என்று பிரசங்கம் செய்தார். அதே சமயத்தில் தாமஸ் பிராட்டில் என்ற வாலிபர், ஹார்வர்டு கல்லூரியின் தூரதிருஷ்டிக் கண்ணாடியால் இரவு தோறும் அதன் போக்கை அளந்து குறித்துக்கொண்டிருந்தார். அந்தக் குறிப்புகள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, 1687-ல் வெளியான நியூட்டனின் மகா நூலுக்கு உதவின. வானத்தைப் பார்த்து ஒருவர் நடுங்கினார், ஒருவர் அளந்தார். ஆனால் இருவரும் ஒரே ஊரார், ஒரே சமயத்தார். மேதரும் வால் நட்சத்திரங்களைப் பற்றிய புதிய சாஸ்திர நூல்களைத் தேடிப் படித்தவர்தாம்.

பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, 1692-ல், சேலம் என்ற ஊரில் பெருந்தீமை விளைந்தது. நமது சேலத்தோடு பெயரளவில்தான் ஒற்றுமை. எருசலேமின் பழம்பெயரை அவர்கள் தங்கள் ஊருக்குச் சூட்டியிருந்தார்கள். சில பெண்கள் வலிப்புக் கண்டு அலறி, இன்னின்னார் சூனியம் வைத்தார்கள் என்று பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். நூற்றைம்பது பேருக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்டனர். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். வாய் திறக்க மறுத்த முதியவர் ஒருவர் கல் ஏற்றி நசுக்கப்பட்டார். சிறையிலே மாண்டவர் வேறு.

அந்த விசாரணையில் பிரதானமாக ஏற்கப்பட்ட சாட்சியம் மிக விசித்திரமானது. ‘இவருடைய ஆவி உருவம் இரவில் வந்து என் கழுத்தை நெரித்தது’ என்பார்கள். அந்த உருவத்தைச் சாட்சி சொல்பவரைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. இதை எதிர்த்துத் தர்க்கித்தவர் யார்? வால் நட்சத்திரத்தைக் கண்டு நடுங்கிய அதே இன்கிரீஸ் மேதர்! சாத்தான் வல்லமை மிக்கவன் என்றால், குற்றமற்றவரின் உருவத்தை அவன் எடுத்துக்கொள்ள முடியாதா? முடியும் என்றால் அந்தச் சாட்சியத்தால் யாரையும் தூக்கிலிடுவது எப்படி நியாயமாகும்? நிரபராதி ஒருவர் சாவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துப் பேர் தப்பிப்போவது மேல் என்று அவர் எழுதினார். சூனியம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. வேதத்தை வைத்துக்கொண்டே தர்க்கம் செய்தார். அதே மாதத்தில் தாமஸ் பிராட்டிலும் அந்த விசாரணைகளைக் கண்டித்து ஒரு நீண்ட கடிதம் வரைந்தார். பக்தர் ஒருவரும் கணிதர் ஒருவரும் வெவ்வேறு வழியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கவர்னர் அந்த நீதிஸ்தலத்தைக் கலைத்தார்.

1697-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஓர் உபவாச தினம் அனுஷ்டிக்கப்பட்டது. அன்று பாஸ்டன் கோயிலில், சேலம் நீதிபதிகளில் ஒருவரான ஸாமுவேல் ஸ்யூவல் எழுந்து நின்றார். அந்தப் பழியும் அவமானமும் தம்முடையவை என்று அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தைப் பாதிரியார் சபையார் முன்னிலையில் உரக்கப் படித்தார். படித்து முடியுமட்டும் ஸ்யூவல் தலை கவிழ்ந்து நின்றார். தன் தீர்ப்பைத் தானே திருப்பி விசாரிக்கும் மனம் அறிவொளிக் காலத்தின் முதல் லக்ஷணம் என்றால், அது பாஸ்டனில் உபவாசமிருந்து கோயிலுக்குள்தான் முதலில் வெளிப்பட்டது.

கடிதங்கள் எழுதிய பாதிரியார்

இன்கிரீஸ் மேதரின் மகன் காட்டன் மேதர். சேலம் நீதிபதிகளுக்குப் பரிந்து புத்தகம் எழுதியவர் இவரே; ஆதலால் சரித்திரம் இவர்மேல் இன்றளவும் கோபமாயிருக்கிறது. ஆனால் அவருக்கு இன்னொரு முகம் உண்டு. புதுமை எதுவாயினும் அதை அறியத் துடித்தவர் அவர். செடிகள், பறவைகள், கனவுகள், பாம்புக்கடி என்று தாம் கண்டதையும் கேட்டதையும் எல்லாம் லண்டனிலுள்ள ராயல் சங்கத்துக்கு எழுதி அனுப்பி, 1713-ல் அதன் அங்கத்தினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இயற்கையின் ஒழுங்கைப் படிப்பதும் ஒரு வழிபாடே என்று காட்ட, ‘கிறிஸ்தவ தத்துவ ஞானி’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலும் செய்தார்.

அவருடைய கடிதங்கள் நம் கரை வரையில் வந்தன. தரங்கம்பாடியில் தமிழ் கற்று அச்சுக்கூடம் நடத்திய சீகன்பால்குவுக்கு அவர் பாஸ்டனிலிருந்து கடிதம் எழுதினார். பதில் அங்கே போய்ச் சேருவதற்குள் சீகன்பால்கு காலமாகிவிட்டார். அவருடைய சகாவான கிருண்ட்லர் பதிலெழுதினார். இக்கடிதங்களை மேதர் 1721-ல் நூலாகவும் வெளியிட்டார்.

சென்னைக்கும் அவர் வரலாற்றில் இடமுண்டு. 1687 முதல் 1692 வரையில் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராயிருந்தவர் எலிஹு யேல், பாஸ்டனில் பிறந்தவர். சென்னையில் பெரும் பொருள் ஈட்டிக்கொண்டு அவர் லண்டனில் வாழ்ந்தபோது, கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு உதவவேண்டும் என்று 1718-ல் மேதர் அவருக்குக் கடிதம் எழுதினார். யேல் அனுப்பியவை: ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், அரசர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்று. சரக்கு சுமார் 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அவர் கவர்னராயிருந்த காலத்தில் நம் கரையிலிருந்து அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

அக்கல்லூரியில் அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே லண்டனிலிருந்து எண்ணூறுக்கு மேற்பட்ட புத்தகங்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றில் நியூட்டனும் இருந்தார், லாக்கும் இருந்தார். மனிதனுடைய அறிவு அனைத்தும் புலன்வழி வரும் அனுபவத்திலிருந்து பிறப்பது என்று சொன்னவர் ஜான் லாக். அந்த லாக்கை, கருமி பொற்காசுகளை அள்ளும்போது அடையும் ஆனந்தத்தினும் அதிக ஆனந்தத்தோடு படித்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு மாணவர் அங்கே இருந்தார். ஜொனதன் எட்வர்ட்ஸ் என்பது அவர் பெயர். அவர் நாஸ்திகராகவில்லை, பியூரிட்டன் பரம்பரையின் மாபெரும் பிரசங்கியாக ஆனார். அவரைப் பற்றி மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

வைசூரி வந்த வருஷம்

1721 ஏப்ரல் மாதத்தில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த ஒரு கப்பலோடு வைசூரியும் பாஸ்டனில் இறங்கிற்று. அப்போது அவ்வூரின் ஜனத்தொகை ஏறக்குறைய 11,000. மாரியின் கொடுமை எப்படிப்பட்டது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டவர்களுக்கு அந்த நகரத்தின் பீதியை விவரிக்க வேண்டியதில்லை.

காட்டன் மேதர் துக்கத்தை அறிந்தவர். 1713-ல் தட்டம்மை வந்து இரண்டு வாரத்துக்குள் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் கொண்டுபோயிற்று. மொத்தம் பதினைந்து குழந்தைகளைப் பெற்று, இருவரை மட்டுமே மிச்சம் வைத்துச் செத்த தகப்பனார் அவர். இப்போது வைசூரி வாசலில் நின்றபோது, பல வருஷங்களுக்கு முன் தம் வீட்டில் கேட்ட ஒரு செய்தி அவர் நினைவில் இருந்தது.

அவர் வீட்டில் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமை ஒருவர் இருந்தார். 1706-ல் சபையார் அவரை வாங்கிப் பாதிரியாருக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள். பவுல் அப்போஸ்தலர் கடிதத்தில் வரும் அடிமையின் பெயரால் மேதர் அவரை ஒநேசிமு என்று அழைத்தார். ‘உனக்கு வைசூரி கண்டதுண்டா?’ என்று எஜமானர் கேட்டதற்கு, ‘ஆம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம்’ என்ற கருத்தில் விடை சொல்லிவிட்டு, ஒநேசிமு தம் கையிலிருந்த தழும்பைக் காட்டினார். வைசூரிக் கொப்புளத்தின் சீழைச் சிறிது எடுத்து, நோயில்லாதவன் தோலைக் கீறி அதில் வைத்துவிட்டால், நோய் இலேசாகக் கண்டு நீங்கும். பிறகு அவனை அது அண்டாது. இது எங்கள் தேசத்து வழக்கம் என்று விளக்கினார். பசுவின் அம்மையைக் கொண்டு ஜென்னர் செய்த பரீக்ஷைக்கு இது மிகவும் முந்தியது. அது 1796-ல் நடந்தது. துருக்கியிலும் இவ்வழக்கம் உண்டு என்று ராயல் சங்கத்தின் பத்திரிகையில் பிற்பாடு வெளியான கடிதத்தைப் படித்தபோது, தம் வீட்டு அடிமை சொன்னது மெய் என்று மேதர் நிச்சயித்துக்கொண்டார்.

அவர் பாஸ்டன் வைத்தியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஸப்டீயல் பாயில்ஸ்டன் என்ற ஒருவர் மாத்திரமே முன்வந்தார். ஜூன் 26-ம் தேதி அவர் தம் சொந்த மகனான ஆறு வயதுக் குழந்தைக்கும், தம் வீட்டு அடிமை ஒருவருக்கும், மற்றோர் அடிமைக் குழந்தைக்கும் அம்மை குத்தினார். மூவரும் பிழைத்தார்கள். ஊர் கொதித்தெழுந்தது.

இங்கேதான் நம் பள்ளிப் புத்தகக் கதை தலைகீழாகிறது. அம்மை குத்துவதை ஆதரித்து ஆறு பாதிரிமார் பத்திரிகையில் கையெழுத்திட்டு எழுதினார்கள். மருந்து உண்பது தெய்வ நம்பிக்கைக்கு விரோதமில்லையென்றால் இதுவும் விரோதமில்லை என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்களின் தலைவரோ, பாஸ்டனில் வைத்தியப் பட்டம் பெற்ற ஒரே டாக்டரான வில்லியம் டக்ளஸ். ஆப்பிரிக்க அடிமைகளும் துருக்கிக் கிழவிகளும் சொன்ன கதையை நம்பி ஆரோக்கியமான உடம்பில் விஷத்தை ஏற்றலாமா என்று அவர் பரிகசித்தார். குத்தப்பட்டவர் மூலமாகவே நோய் பிறருக்குப் பரவக்கூடும் என்றும் எச்சரித்தார். இந்த இரண்டாவது வாதம் நியாயமானதே என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்டு மாதத்தில் ஜேம்ஸ் பிராங்கிளின் என்ற அச்சுக்காரர் ஒரு புதிய பத்திரிகை ஆரம்பித்தார். பாதிரிமாரின் அதிகாரத்தை அஞ்சாமல் கிண்டல் செய்த முதல் பத்திரிகை அது. சுதந்திர சிந்தனையின் விளக்கு என்று அதைச் சொல்லலாம். ஆனால் அந்த விளக்கு, பிறந்த அன்றே அம்மை குத்துதலைத் தாக்கிற்று! அச்சுக் கோத்தும் பத்திரிகையை வீடுவீடாகச் சென்று விநியோகித்தும் வந்த சிறுவன், ஜேம்ஸின் தம்பி பெஞ்சமின்.

அதே ஆகஸ்டு மாதத்தில், அவன் வயதினனான ஸாமுவேல் மேதருக்கு அம்மை குத்தப்பட்டது. தகப்பனார் பட்ட வேதனையை எண்ணிப் பாருங்கள். குத்தினால் மகன் இறக்கலாம், குத்தாவிட்டாலும் இறக்கலாம். இறந்தால் ஊரார், ‘மகனைக் கொன்ற பாதிரி’ என்பார்கள். காய்ச்சல் உச்சிக்கு ஏறிற்று; பையன் சாவின் விளிம்பு வரையில் போய் மீண்டான். நவம்பரில் ஒரு நாள் விடியுமுன் யாரோ மேதர் வீட்டு ஜன்னல் வழியே வெடிகுண்டை வீசினார்கள். அதிர்ஷ்டவசமாகத் திரி கழன்றதால் அது வெடிக்கவில்லை.

நோய் தணிந்தபின் கணக்குப் பார்த்தார்கள். தானாக வைசூரி கண்டவர் 5,889 பேர். அவர்களில் 844 பேர் மாண்டார்கள். அதாவது ஏழு பேருக்கு ஒருவர். பாயில்ஸ்டன் அம்மை குத்தியவர்கள் 240-க்கு மேற்பட்டவர்கள். அவர்களில் மாண்டவர் ஆறு பேர். அதாவது நாற்பது பேருக்கு ஒருவர். வைத்தியத்தில் ஒரு முறையின் நன்மை தீமையை எண்களை எதிரெதிரே வைத்து நிறுத்துப் பார்த்த மிகப் பழைய உதாரணங்களில் இது ஒன்று. தலைமுறைகள் சென்று டக்ளஸ் கட்சிக்கு விடை கிடைத்ததன்று. டக்ளஸே பிற்காலத்தில் அம்மை குத்துதலை ஏற்றுக்கொண்டார். ஓநேசிமு சொன்ன வழியில் தொடங்கி, ஜென்னர் வழியாக வளர்ந்த அந்த முயற்சியின் முடிவாக, வைசூரி உலகை விட்டே ஒழிந்தது என்று 1980-ல் பிரகடனம் செய்யப்பட்டது.

பிராங்கிளினும் நான்கு வயதுக் குழந்தையும்

பெஞ்சமின் 1722-ல், ‘மௌன நற்செய்கை’ என்று பொருள்படும் பெயருள்ள ஒரு விதவை எழுதுவதுபோலப் பதினான்கு கடிதங்கள் எழுதி, இரவில் அச்சுக்கூடக் கதவின் கீழே செருகிவைத்தான். நற்செய்கையைப் பற்றிக் காட்டன் மேதர் எழுதிய புத்தகத்தைக் கேலி செய்யவே அந்தப் பெயர். மறுவருஷம் அண்ணனிடம் கோபித்துக்கொண்டு பிலடெல்பியாவுக்கு ஓடிப்போனான். டீயிஸம் என்னும் இயற்கைத் தெய்வவாதத்தை மறுத்து எழுதிய புத்தகங்களைப் படித்தபோது, மறுப்பைவிட மறுக்கப்பட்ட வாதமே பலமாய்த் தோன்றிற்று என்று பிற்காலத்தில் அவர் சொன்னார். ஜகத்தைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு, மனிதருக்கு நன்மை செய்வதே அவருக்கு உகந்த வழிபாடு என்பதோடு அவருடைய மதம் முடிந்தது.

அந்த வழிபாட்டை அவர் நன்றாகவே நடத்தினார். 1731-ல் சந்தாப் புத்தகசாலை, 1751-ல் ஆஸ்பத்திரி, 1752-ல் பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தது, இடிதாங்கி. ஆனால் 1736-ல் அவர் வீட்டில் நேர்ந்ததைப் பல புத்தகங்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அவருடைய மகன் பிரான்ஸிஸ், நான்கு வயதுக் குழந்தை, வைசூரியால் இறந்தது. அதற்கு அம்மை குத்தப்பட்டிருக்கவில்லை. அம்மை குத்தியதால்தான் குழந்தை இறந்தது என்று ஊரில் வதந்தி பரவியபோது, துக்கத்தினிடையே அவர் தம் பத்திரிகையில் அதை மறுத்து உண்மையை வெளியிட்டார். வதந்தியை நம்பி மற்றப் பெற்றோர் பயந்துவிடக் கூடாதல்லவா? ஐம்பது வருஷங்கள் சென்றபின் சுயசரிதை எழுதுகையிலும் அந்தத் துயரத்தை மறவாமல் எழுதி, என்னைப் போல் வருந்தாதீர்கள் என்று பெற்றோர்களை எச்சரித்தார். பாதிரியாரின் மகன் பிழைத்தான். பகுத்தறிவாளரின் மகன் இறந்தான். இதில் எந்தக் கட்சிக்கும் ஜயமில்லை. ஆனால் 1759-ல் பாஸ்டன் கணக்குகளை மறுபடி எடுத்துக் காட்டி, அம்மை குத்துதலை ஆதரிக்கும் சிறு நூலுக்கு முன்னுரை எழுதியவர் அந்தப் பிராங்கிளினேதான்.

1755 நவம்பரில் நியூ இங்கிலாந்தில் பூகம்பம் நேர்ந்தது. பாஸ்டனில் ஏராளமாக நட்ட இடிதாங்கிகள் வானத்து மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கியதுதான் காரணமோ என்று தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார் ஐயுற்று எழுதினார். 1721-ல் அம்மை குத்துதலை ஆதரித்துக் கையெழுத்திட்ட ஆறு பேரில் ஒருவர் இவரே என்பதை மறக்கலாகாது. அவருக்கு விடை சொன்னவர் ஹார்வர்டில் கணித ஆசிரியராயிருந்த ஜான் வின்த்ராப். 1630-ல் மலைமேல் நகரத்தைப் பற்றி உபதேசித்த அந்த வின்த்ராப்பின் வம்சத்தில் வந்தவர், பூகம்பம் பூமிக்குள்ளே அலைபோலப் பரவும் ஓர் அசைவு என்று விளக்கிப் பிரசங்கித்தார். கடவுளை அவர் மறுக்கவில்லை. கடவுள் விதிகளின் மூலம் ஆட்சி செய்கிறார் என்றார். மாற்றம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

இனி எட்வர்ட்ஸ். நரகத்தின் பயங்கரத்தை அவர் வர்ணித்தபோது கேட்டவர்கள் கதறியழுதார்களாம். அறிவு வறண்டுபோகும், உள்ளம் உருகவேண்டும் என்று மன்றாடியவர் அவர். 1758-ல் பிரின்ஸ்டன் கல்லூரியின் தலைவராகப் போனார். பக்கத்தில் வைசூரி இருந்ததால், பிறருக்கு வழிகாட்டத் தாமும் அம்மை குத்திக்கொண்டார். அதனாலேயே மார்ச்சு மாதத்தில் காலமானார். தெய்வ சித்தத்தைத் தவிர வேறொன்றுக்கும் அஞ்சாத அந்தப் பக்தர், நாற்பதுக்கு ஒன்று என்ற கணக்கை நம்பித் தம் கையை நீட்டினார். அந்த ஒன்றாக அவரே ஆனார். அதனால் கணக்குப் பொய்யாகிவிடவில்லை. அவருடைய பக்தியும் பொய்யாகிவிடவில்லை.

பிரகடனத்தில் ஒரு சொல்

சமயத்தில் பிறந்த விசாரணை அரசியலுக்குச் செல்ல நெடுநாள் ஆகவில்லை. கொடுங்கோலனுக்குக் கீழ்ப்படிவது கிறிஸ்தவனின் கடமையா என்று 1750-ல் ஜொனதன் மேஹ்யூ என்ற பாஸ்டன் பாதிரியார் பிரசங்க பீடத்திலிருந்தே கேட்டார். அல்ல என்று விடையும் சொன்னார். 1776-ல் சுதந்திரப் பிரகடனத்தின் நகல் தயாரானபோது, மனித சமத்துவம் முதலிய உண்மைகளைப் புனிதமானவை என்று ஜெபர்ஸன் முதலில் எழுதியிருந்தார். பிறகு அந்தச் சொல் அடிக்கப்பட்டு, அவ்வுண்மைகள் தாமே விளங்குபவை என்று மாற்றப்பட்டது. பக்தியின் பாஷை போய்க் கணிதத்தின் பாஷை வந்தது. ஆயினும் அந்தப் பிரகடனத்திலேயே சிருஷ்டிகர்த்தா இருக்கிறார். அவர்தாம் உரிமைகளைக் கொடுக்கிறார். சமயத்துக்காக எவரையும் அரசாங்கம் வருத்தலாகாது என்ற சட்டத்தை வர்ஜீனியா 1786-ல் நிறைவேற்றிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் அதையே சொன்னதற்காகத்தான் ரோஜர் வில்லியம்ஸ் பனிக்காலத்தில் காட்டு வழியே நடந்து போனார்.

ஆனால் பகுத்தறிவும் தன் சேலத்தை உடையதுதான். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெபர்ஸன் நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு எஜமானர். பிராங்கிளினே அடிமைகளை வைத்திருந்தவர். முதுமையில்தான் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். பாஸ்டனைக் காத்த உபாயத்தைச் சொல்லிக் கொடுத்த ஒநேசிமு தம் விடுதலையை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அவருடைய வார்த்தையை மேதர் நம்பினார், டக்ளஸ் இகழ்ந்தார்; சொன்னவர் அடிமை என்பதைப் பாராமல் சொன்னது மெய்யா என்று பார்த்த அந்த ஒரு விஷயத்தில், கல்லூரிப் பட்டத்தைவிடப் பாதிரியாரின் செவி கூர்மையாயிருந்தது.

அடையாளங்களைத் தேடிக்கொண்டிருந்த கண் விதிகளைத் தேடத் தொடங்கிற்று, மாறியது அவ்வளவே. எழுத்தறிவும், காரணம் கேட்கும் பழக்கமும், தன் நெஞ்சைத் தானே சோதிக்கும் கண்டிப்பும் பழைய வீட்டிலிருந்தே வந்த சொத்துக்கள். எந்தக் கட்சியில் நின்றார் என்பதைக் கொண்டு ஒருவரை அறிவாளி என்றோ மூடர் என்றோ முடிவு கட்டினால், 1721-ல் நாம் பாஸ்டனில் தவறான பக்கத்தில்தான் நின்றிருப்போம். கணக்கு வந்தபோது அதைப் பார்க்கச் சம்மதித்தாரா, பிழை தெரிந்தபோது எழுந்து நின்றாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

1784-ல் எழுபத்தெட்டு வயதுப் பிராங்கிளின், பாரிஸ் நகருக்கு அருகிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். யாருக்கு? சாவின் விளிம்பு வரை சென்று மீண்ட அந்த ஸாமுவேல் மேதருக்கு. சிறு வயதில் உங்கள் தகப்பனாருடைய நற்செய்கைப் புத்தகம் கையில் கிடைத்தது; சில ஏடுகள் கிழிந்திருந்தன; ஆயினும் நான் உலகுக்கு ஏதாவது பயன்பட்டிருந்தால் அதற்கு அந்தப் புத்தகமே காரணம் என்ற கருத்தில் எழுதினார். தாம் கேலி செய்த அதே புத்தகம்! வாலிபத்தில் ஒருமுறை மேதரைப் பார்க்கப் போனதையும் அதில் நினைவுகூர்ந்தார். திரும்பும்போது ஒடுங்கிய நடைவழியில், ‘குனி, குனி’ என்று கிழவர் எச்சரித்தாராம். என்னவென்று விளங்குவதற்குள் உத்தரம் தலையில் மோதிற்று. உலகத்தின் வழியே போகும்போது குனிந்து போனால் பல அடிகள் படாமல் தப்பலாம் என்று மேதர் சொன்னாராம். அறுபது வருஷங்களாகியும், மின்னலை இறக்கியவர் அந்த உத்தரத்தை மறக்கவில்லை.